பருத்த பிள்ளையும் மெலிந்த நியாயங்களும்

அண்மைக் காலமாக நமது பாடசாலை மேடைகளிலும் பத்திரிகைப் பக்கங்களிலும் புதியதொரு பிரசங்கம் ஓங்கி ஒலிக்கின்றது. இக்காலப் பிள்ளைகள் பருத்துவிட்டார்கள், சோம்பலில் ஊறிவிட்டார்கள், கைத்தொலைபேசியைக் கீழே வைக்கிறார்களில்லை, கண்டதையெல்லாம் தின்கிறார்கள், பெற்றோர் செல்லங்கொடுத்துக் கெடுத்துவிட்டனர் என்பது அப்பிரசங்கத்தின் சாரம். பரிகாரமும் உடனே சொல்லப்படுகின்றது. வாயைக் கட்டு, ஓடி விளையாடு. சொல்லி முடித்ததும் பிரசங்கியார் மேடையை விட்டு இறங்குகின்றார். அவருக்கும் முன்வரிசையில் இருப்போருக்கும் பணிசும் குளிர்ந்த சோடாவும் பரிமாறப்படுகின்றன.

பிரசங்கம் செய்வோர் அனைவரும் கெட்ட எண்ணங் கொண்டவரென நாம் கூறவில்லை. ஆயின், சமுதாய நோயொன்றைத் தனிமனிதரின் ஒழுக்கக்கேடாகக் காட்டும் எந்த வாதத்தையும் ஐயத்தோடு நோக்குதல் முற்போக்காளரின் கடமையாகும். வறியவன் வறியவனாயிருப்பதற்கு அவனது சோம்பலே காரணம் என்றார்கள். படியாதவன் படியாதிருப்பதற்கு அவனது மந்தபுத்தியே காரணம் என்றார்கள். 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தபின் அந்த மந்தபுத்தி எங்கே போயிற்று? அதே பழைய குரல்தான் இன்று பன்னிரண்டு வயதுப் பிள்ளையொன்றைச் சுட்டி, உனது பருமனுக்கு நீயே பொறுப்பு என்கின்றது. இக்குரலுக்கு மறுமொழி கூறுவதும், பிள்ளைக்கு மெய்யாகவே உதவக்கூடியது எது என ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கம்.

உள்ள நிலை

முதலில் உண்மையை உள்ளபடி ஒப்புக்கொள்வோம். பிரச்சினை கற்பனையானதன்று. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, 1990இல் 5 முதல் 19 வயது வரையானோருள் நூற்றுக்கு 8 பேரே மிகையெடை உடையோராயிருந்தனர். 2022இல் அது நூற்றுக்கு 20 ஆயிற்று. தலைக்கணக்கில் 39 கோடிப் பேர். அவருள் 16 கோடிப் பேர் உடற்பருமன் என்னும் நோய்நிலையை எட்டியவர்கள். 2025இல் யுனிசெப் நிறுவனம் மேலுமொரு செய்தியை வெளியிட்டது. உலக வரலாற்றில் முதன்முறையாக, பள்ளி வயதுப் பிள்ளைகளுள் எடை குறைந்தோரின் விகிதத்தை உடற்பருமனுற்றோரின் விகிதம் விஞ்சிவிட்டது. முன்னது நூற்றுக்கு 9.2, பின்னது நூற்றுக்கு 9.4. தென்னாசியாவும், சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்காவும் மாத்திரமே இதற்குப் புறநடை.

நாம் அந்தப் புறநடைக்குள் வாழ்கின்றோம். அதையிட்டு நிம்மதிப் பெருமூச்சு விடுவதற்கில்லை. நாற்பது வயதுக்குமேல் வரும் நோயென ஒருகாலத்திற் கருதப்பட்ட இரண்டாம் வகை நீரிழிவு இன்று பதின்பருவத்தினரையே பற்றுகின்றது. உயர் இரத்த அழுத்தம், ஈரலிற் கொழுப்புப் படிதல், முழங்கால் நோவு, உறக்கத்தில் மூச்சுத் தடைப்படல் என்பனவும் தொடர்கின்றன. இதில் ஆசியரின் உடல்நிலை தனித்துக் கவனிக்க வேண்டியது. ஐரோப்பியரிலும் குறைந்த பருமனிலேயே நீரிழிவு நம்மைத் தாக்குகின்றது. அதனாலேயே 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, வளர்ந்தோரின் உடற்றிணிவுச் சுட்டிக்கு வழக்கமான 25 என்னும் எல்லையோடு, ஆசியருக்கு 23 என்பதையும் ஓர் எச்சரிக்கைப் புள்ளியாக எடுத்துரைத்தது.

மற்றொன்றையும் மறத்தலாகாது. கண்மதிப்பு மருத்துவமன்று. பிள்ளையின் வயது, பால், உயரம், எடை ஆகியவற்றை அளவுப்படத்தோடு ஒப்பிட்டே மிகையெடை தீர்மானிக்கப்படும். கொழுகொழுவென்ற கன்னம் நோயின் அறிகுறியுமன்று. எலும்பு தெரியும் மேனி சுகத்தின் சான்றுமன்று.

பட்டினிக்கும் பருமனுக்கும் பகையில்லை

இங்கே நமது அணியைச் சேர்ந்த தோழர் சிலரே குறுக்கிடக்கூடும். பாதி வயிறு காய்ந்திருக்கும் நாட்டில் பருத்தவனுக்காகப் பரிந்து பேசுவதா? இது கொழும்பு ஏழின் கவலையல்லவா? பசித்தவனைப் பற்றி முதலில் எழுதுங்கள் என்பர்.

இக்கேள்வியின் பின்னேயுள்ள கோபம் நியாயமானது. 2016ஆம் ஆண்டின் குடிசன சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற வளர்ச்சியின்றிக் குட்டையானவர்கள். தோட்டப் பகுதிகளில் இத்தொகை நூற்றுக்கு ஏறத்தாழ 32. தேயிலைக் கொழுந்து கிள்ளும் தாயின் பிள்ளைகளுள் மூன்றிலொன்று வளர்ச்சி குன்றி நிற்கின்றது. இந்நிலையின் மேல் பொருளாதார நெருக்கடியும் வந்து சேர்ந்தது. 2022 செப்ரெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94.9ஐத் தொட்டது. முட்டையும் மீனும் பாலும் எத்தனையோ வீடுகளின் சட்டிகளிலிருந்து மறைந்த காலம் அது.

ஆனால் தோழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே 2016ஆம் ஆண்டு ஆய்வு, பிள்ளை பெறும் வயதுப் பெண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பேர் மிகையெடையோ உடற்பருமனோ உடையவர்கள் எனவுங் காட்டிற்று. ஒரே நாட்டில், சில வேளைகளில் ஒரே கூரையின் கீழ், மெலிந்த பிள்ளையும் பருத்த தாயும் வாழ்கின்றனர். இது முரண்பாடு போலத் தோன்றும். சந்தையின் விதியை அறிந்தவருக்கு இதில் முரண்பாடில்லை. மிகக் குறைந்த காசில் வயிற்றை நிரப்புவன எவை? கோதுமை மா, சீனி, எண்ணெய் ஆகிய மூன்றுமே. கீரையும் பழமும் பருப்பும் மீனும் கைக்கெட்டாத விலைக்கு ஏறும்போது இம்மூன்றும் அவற்றின் இடத்தைப் பிடிக்கின்றன. வயிறு நிரம்புகின்றது, உடல் போசணையின்றி வாடுகின்றது, கொழுப்பு மாத்திரம் சேர்கின்றது.

விஞ்ஞானமும் இதனை வேறொரு வழியால் உறுதிப்படுத்துகின்றது. டேவிட் பார்க்கர் என்னும் பிரித்தானிய மருத்துவ ஆய்வாளர், பிறக்கும்போது எடை குறைந்திருந்தோரிடையே பிற்காலத்தில் இருதய நோய் மிகுதியாக இருந்ததை 1980களின் பிற்பகுதியில் எடுத்துக் காட்டினார். இந்தியாவின் புனே நகரில் யாஜ்னிக் என்னும் மருத்துவரும் அவரது குழுவினரும் சிசுக்களை அளந்து பார்த்தனர். அங்கு பிறந்த சிசுக்கள் இங்கிலாந்தின் வெள்ளைச் சிசுக்களிலும் எடை குறைந்தவை, தசையும் குறைந்தவை, கொழுப்போ அந்த அளவுக்குக் குறையவில்லை. கருவிலே பட்டினியைப் பழகிய உடல், பின்னாளில் மாவும் சீனியும் மலிந்த உலகிற் கொண்டுவந்து விடப்படுகையில் விரைவில் நோயுறுகின்றது. அதாவது, இன்று பட்டினி கிடக்கும் கருப்பிணித் தாயின் பிள்ளையே நாளைய நீரிழிவு நோயாளி. பட்டினியை எதிர்ப்பவன் பருமனையும் எதிர்த்தே ஆகவேண்டும்.

பருமன் செல்வந்தரின் நோயென்பதும் நிலையான உண்மையன்று. நம் நாட்டில் இன்னும் நகரத்துப் பிள்ளைகளிடையேயும் வசதியுள்ள வீடுகளிலுமே அது கூடுதலாகக் காணப்படுகின்றது. இங்கிலாந்தைப் பாருங்கள். அங்கு பாடசாலைப் பிள்ளைகளை ஆண்டுதோறும் அளக்கின்றனர். மிக வறிய பகுதிகளின் பிள்ளைகளிடையே உடற்பருமன், மிக வசதியான பகுதிகளின் பிள்ளைகளிடையே உள்ளதைப்போல் இருமடங்கு. வசதியுள்ளவன் விலைகொடுத்து நல்லுணவும் ஓய்வும் மைதானமும் வாங்கிக்கொள்கின்றான். தொழிலாளியின் பிள்ளைக்கு மலிவுப் பொட்டலம் எஞ்சுகின்றது. அங்கு நடந்தது இங்கு நடவாதென்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஆகவே இது வர்க்கப் பிரச்சினையே என்பது வெள்ளிடைமலை.

பிள்ளையின் நாள் யாருடையது?

இனி, வாயைக் கட்டு, ஓடி விளையாடு என்போரிடம் வருவோம். ஓடி விளையாடுவதற்கு இரண்டு வேண்டும்: நேரம், நிலம். இவ்விரண்டும் நமது பிள்ளையிடம் உள்ளனவா?

யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வவுனியாவிலோ பத்தாந் தரத்திற் கற்கும் ஒரு பிள்ளையின் நாளை எடுத்துக்கொள்வோம். காலை ஏழரைக்குப் பாடசாலை. பிற்பகல் ஒன்றரை வரை வாங்கில் இருப்பு. வீட்டிற்கு வந்து அவசரமாக நாலு கவளம். இரண்டரைக்குத் தனியார் கல்வி நிலையம். அங்கும் வாங்கில் இருப்பு. ஒரு பாடம் முடிய அடுத்த பாடம். இருட்டிய பின் வீடு. வீட்டில் மேசையடியில் இருப்பு. சனியும் ஞாயிறும் இருப்பின் நீளம் கூடுமேயன்றிக் குறையாது. தரம் 5 புலமைப்பரிசிலுக்கு ஒன்பது வயதிலேயே இவ்விருப்புத் தொடங்கிவிடுகின்றது. பிள்ளையைப் பன்னிரண்டு மணித்தியாலம் இருத்தி வைத்துவிட்டு, ஏன் ஓடவில்லை எனக் கேட்பவர்களை என்னென்பது!

பாடசாலையில் ‘சுகாதாரமும் உடற்கல்வியும்’ என்றொரு பாடம் உண்டே என்பர். உண்டு, நேரசூசியில் உண்டு. கணித ஆசிரியர் அப்பாடவேளையைக் கடன் வாங்குகின்றார். விஞ்ஞான ஆசிரியரும் கடன் வாங்குகின்றார். வாங்கிய கடனை எவரும் திருப்பிக் கொடுப்பதில்லை. எஞ்சிய பாடவேளையில் பிள்ளை கரப்பந்தாட்டத் திடலின் நீளத்தையும் அகலத்தையும் கொப்பியில் எழுதுகின்றது. பந்தைத் தொடாமலே பரீட்சையிற் சித்தியடைகின்றது. 5 முதல் 17 வயது வரையானோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமாவது உடல் வியர்க்க இயங்க வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் விதந்துரைக்கின்றது. வாரத்திற்கு அறுபது நிமிடமேனும் நமது பாடசாலைகள் எத்தனை கொடுக்கின்றன?

மைதானத்தின் கதையும் இதுவே. மைதானம் உள்ள பாடசாலையில் அது அணியில் ஆடும் இருபது முப்பது பேரின் உடைமை. ஏனையோர் வேலியோரம் நின்று கைதட்டுவோர். வருடத் தொடக்கத்தில் இல்ல மெய்வல்லுநர் போட்டி வரும். சில வாரங்கள் பாண்ட் முழங்கும். பின்னர் அடுத்த வருடம் வரை புல் வளரும். பெண்பிள்ளையின் நிலை இன்னும் கொடியது. பூப்பெய்திய நாளோடு அவளுக்குத் திடல் அந்நியமாகின்றது. ஓடாதே, துள்ளாதே, அடக்கமாயிரு என்று சொல்லி வளர்த்த அதே வாய்கள் சில வருடங்களின் பின், இவள் இப்படிப் பருத்துவிட்டாளே, யார் கட்டுவார்கள் எனக் கவலைப்படுகின்றன!

தொண்ணூறுகளில் எரிபொருள் தடை நிலவிய காலத்தில் வடபகுதி முழுவதும் சைக்கிளில் ஓடியது. அக்காலத்தை நாம் பொற்காலமென்று கொண்டாடவில்லை. அது பசியின் காலம், மரணத்தின் காலம். ஆயினும், போர் முடிந்து பெருந்தெருக்கள் அகன்றபின் அத்தெருக்களில் சைக்கிளோடும் பிள்ளைக்கு ஓர் அடி அகல இடமாவது ஒதுக்கினோமா? விரையும் வாகனங்களுக்கு அஞ்சிய பெற்றோர் பிள்ளையை வானில் ஏற்றிவிடுகின்றனர். அவர்களை நாம் குறைகூற முடியுமா?

சீனியின் கணக்கு

அடுத்து, வாயைக் கட்டுவது. வாயைக் கட்டச் சொல்வோர் கடையைக் கட்டச் சொல்லாதது ஏன்?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 2016 ஓகஸ்ற் முதல் நம் நாட்டில் இனிப்பு மென்பானப் போத்தல்களில் நிறக் குறியீடு இடப்படல் வேண்டும் என்றாயிற்று. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற் சீனி இருப்பின் சிவப்பு. 2 முதல் 11 வரை மஞ்சள். அதற்குக் கீழ் பச்சை. 11 கிராம் எல்லையில் நிற்கும் 400 மில்லிலீற்றர்ப் போத்தலொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 44 கிராம் சீனி. தேக்கரண்டிக் கணக்கில் பதினொன்று. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்ணும் ஒருவர் சேர்த்துக்கொள்ளத்தக்க சீனியின் உச்ச அளவு 50 கிராம். 25 கிராமுக்குள் நிற்பது மேலும் நன்று என்பது 2015இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த வழிகாட்டல். ஒரு போத்தலோடு ஒரு நாளின் கணக்கு ஏறக்குறையத் தீர்ந்துவிடுகின்றது. அதன்மேல் மூன்று வேளைத் தேநீர், ஒரு பணிஸ், இரண்டு பிஸ்கற். இந்தப் போத்தல் மஞ்சளுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றது என்பதையுங் கவனியுங்கள்.

2017 நவம்பரில் மென்பானங்களின் சீனிக்குக் கிராமுக்கு 50 சதம் வரி விதிக்கப்பட்டது. நல்ல காரியம். எவ்வளவு காலம் நின்றது? 2018இன் இறுதியில் அவ்வரி குறைக்கப்பட்டது. அரிசிக்கும் பருப்புக்கும் விலை ஏறும்போது பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள் என மக்களுக்கு உபதேசிப்போர், சோடாவின் விலை ஏறினால் மாத்திரம் எவ்வளவு விரைவில் இரங்கிவிடுகின்றனர்!

விளையாடினாற் போதும், பருமன் போய்விடும் என்ற உபதேசம் எங்கிருந்து வருகின்றதென்பதையும் அறிந்துகொள்ளல் வேண்டும். 2015இல் அமெரிக்காவில் ஒரு செய்தி அம்பலமாயிற்று. உணவைப் பற்றி மிதமிஞ்சிப் பேசுகின்றோம், உடற்பயிற்சிக் குறைவே பருமனுக்குக் காரணம் எனப் பரப்பிவந்த விஞ்ஞானிகளின் அமைப்பொன்றுக்குப் பணம் வழங்கியது கொக்கா-கோலா நிறுவனம். செய்தி வெளியான சில மாதங்களில் அவ்வமைப்புக் கலைந்தது. கருத்து மாத்திரம் கலையவில்லை. நம் பாடசாலை விளையாட்டுப் போட்டிகளின் பதாகைகளைப் படித்துப் பாருங்கள். ஓடும் பிள்ளையின் தலைக்குமேல் ஆடுவது யாருடைய பெயர்? ஓட்டத்தால் எரிக்கும் சக்தியை ஓட்டம் முடிந்ததும் இனிப்புப் பானமாக ஊற்றிக் கொடுப்பவனே அப்போட்டியின் அனுசரணையாளன்.

சீனியின் வரலாறு தமிழருக்குப் புதிதன்று. மொறீசியசிலும் நேற்றாலிலும் பிஜியிலும் கரும்புத் தோட்டங்களில் முதுகொடிய உழைப்பதற்குத் தமிழர் கப்பலேற்றப்பட்டனர். அன்று சீனியைச் செய்வதற்கு நமது முதுகு தேவைப்பட்டது. இன்று சீனியை விற்பதற்கு நமது பிள்ளைகளின் வாய் தேவைப்படுகின்றது.

பாடசாலைக்குள்ளே வருவோம். சிற்றுண்டிச்சாலையில் எதை விற்கலாம், எதை விற்கலாகாது எனக் கல்வி அமைச்சின் சுற்றுநிருபங்கள் உள்ளன. அவை அதிபரின் அலுமாரியிற் பத்திரமாக உள்ளன. சிற்றுண்டிச்சாலையோ கேள்விப்பத்திரத்தில் அதிக வாடகை தருபவரின் கையில் உள்ளது. வாடகையை மீட்பதற்கு அவர் மாவையும் எண்ணெயையும் விற்றாக வேண்டும். அந்த வாடகைப் பணத்தில் பாடசாலை நடக்கின்றது. பிள்ளையின் ஈரலில் வரி அறவிட்டுக் கதிரை மேசை வாங்கும் நிலைக்குப் பாடசாலைகளைத் தள்ளியது யார்? கல்விக்குப் பணம் ஒதுக்க மறுக்கும் அரசுகளே என்பதில் ஐயமுண்டோ?

அவமதிப்பு மருந்தாகாது

இவ்வளவும் செய்துவிட்டுப் பிள்ளைக்கு நாம் கொடுக்கும் பரிசு யாது? ஒரு பட்டப்பெயர். குண்டன், பூசணி, யானைக்குட்டி. வகுப்பில் ஆசிரியரே அப்பெயரை எடுத்துச் சொல்லிச் சிரிப்பு மூட்டும் கொடுமையும் உண்டு. பாடசாலை நாடகத்தில் அவனுக்குக் கோமாளி வேடம். விளையாட்டுப் போட்டியில் அவன் நினைவுக்கு வருவது கயிறிழுத்தலின்போது மாத்திரமே. கயிற்றின் கடைசி நுனியைச் சுற்றிக்கொண்டு நிற்பதற்கு. வருடத்தின் ஏனைய நாட்களில் அவன் புள்ளிக் கணக்கு எழுதுகின்றான். தண்ணீர்ப் போத்தல் காவுகின்றான். எவருக்கு இயக்கம் மிகத் தேவையோ அவரையே நாம் திடலிலிருந்து முதலில் விலக்குகின்றோம்.

கலை இலக்கியத் துறையினரும் இதற்குப் பொறுப்பாளிகளே. முதலாளியைப் பானை வயிறனாகத் தீட்டுவது உலகெங்கும் முற்போக்குச் சித்திரக்காரரின் மரபு. மேடையிற் பருத்தவன் வந்தாலே அவன் பேராசைக்காரன், கோழை, தின்னி. இன்றைய முதலாளி பானை வயிறனல்லன். அவன் குளிரூட்டிய உடற்பயிற்சிக் கூடத்தில் ஓடி, அளந்த உணவுண்டு, ஒட்டிய வயிற்றுடன் விளங்குகின்றான். பழைய சித்திரம் இன்று சுடுவது அவனையன்று. கடைசி வாங்கில் தலைகுனிந்திருக்கும் ஒரு பிள்ளையையே சுடுகின்றது. யதார்த்தம் மாறியபின் குறியீட்டை மாற்றாதிருப்பது யதார்த்தவாதமாகாது.

ஏளனத்தால் எந்தப் பிள்ளையும் மெலிந்ததில்லை. ஏளனத்துக்கு அஞ்சிய பிள்ளை திடலுக்கு வராது. உடற்கல்வி நாளில் தலையிடி என்று வீட்டில் நிற்கும். தனிமையில் இருந்து தின்னும். தன்மானத்தைப் பறித்துவிட்டு எடையைக் குறைக்கச் சொல்வது, காலை முறித்துவிட்டு நடக்கச் சொல்வதற்கு ஒப்பானது.

செய்யத்தக்கவை

அப்படியாயின் மிகையெடையுள்ள பிள்ளைக்கு எவ்வாறு உதவுவது? மருத்துவம் கூறுவது சிக்கலானதன்று. வளரும் பிள்ளையைப் பட்டினி போடுதல் தீது. விளம்பரங்களில் வரும் மெலிவுத் தூள்களும் குளிகைகளும் அதனினும் தீது. பல பிள்ளைகளுக்கு எடையைக் குறைக்கவே வேண்டியதில்லை. எடை மேலும் ஏறாது நிற்க, உயரம் வளர்ந்து அதனை எட்டிப்பிடிக்கும். பருமன் கடுமையாயிருப்பின், அல்லது பிள்ளை உயரம் வளராது பருக்குமாயின், மருத்துவரிடம் காட்டுதல் அவசியம். பாடசாலை மருத்துவப் பரிசோதனை முறையொன்று நம் நாட்டில் ஏற்கெனவே உண்டு. சுகாதார வைத்திய அதிகாரியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் பாடசாலைக்கு வந்து பிள்ளைகளை அளக்கின்றனர். அவ்வளவையை வகுப்பின் முன் உரத்து வாசியாது, பெற்றோரிடம் தனியே கூறி, வழிகாட்டி, அடுத்த பரிசோதனை வரை தொடர்ந்து கவனித்தல் வேண்டும்.

வீட்டில் செய்யவேண்டிய மாற்றம் வீடு முழுவதற்கும் உரியது. தம்பி மெலிந்தவன் என்று அவனுக்கு ஐஸ்கிறீமும், அக்கா பருத்தவள் என்று அவளுக்குக் கீரையும் வைக்கும் வீட்டில் அக்கா திருடியே தின்பாள். சோடாப் போத்தல் வீட்டுக்குள் வராதிருக்கட்டும். தாகத்துக்குத் தண்ணீர் இருக்கட்டும். தேநீரில் சீனி அரைக்கரண்டியாகக் குறையட்டும், அப்பாவின் கோப்பையிலும். சாப்பிடும்போது திரைகள் அணைந்திருக்கட்டும். உறக்கத்தையும் மறவாதீர். பதின்பருவத்தினருக்கு எட்டு முதல் பத்து மணித்தியால உறக்கம் வேண்டும். உறக்கங் குறைந்த பிள்ளைக்குப் பசியும் இனிப்பு வேட்கையும் கூடும். நள்ளிரவு வரை படிக்கச் செய்து, விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பும் பெற்றோர் இதனைச் சிந்திக்கட்டும்.

உணவுக்காக நாம் வெளிநாட்டுப் பட்டியலைத் தேடி ஓடவேண்டியதில்லை. குரக்கன் புட்டும், அவித்த கடலையும், பயறும் கௌபியும், வல்லாரைச் சம்பலும், முருங்கையிலைச் சுண்டலும், இலைக்கஞ்சியும், பனங்கிழங்கும், ஒடியற் கூழும் நமது மண்ணின் உணவுகள். பழமையென்பதற்காக நாம் இவற்றைப் போற்றவில்லை. ஒரு சிற்றுண்டிச்சாலை குறைந்த செலவில் செய்து கொடுக்கக்கூடியவை என்பதாலும், அயலிலுள்ள விவசாயியும் மீனவனும் பிழைக்க உதவுவன என்பதாலுமே போற்றுகின்றோம். ஆனால் இவற்றைச் சமைக்கும் சுமையை வேலைக்குப் போய்க் களைத்து வரும் தாயின் தலையில் மட்டும் சுமத்துவது புதியதோர் அநீதியாகும். ஆகவேதான் பாடசாலை உணவு பொதுப் பொறுப்பாதல் வேண்டும் என்கின்றோம்.

யப்பானில் 1954இலேயே பாடசாலை மதிய உணவுக்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அங்கு பிள்ளைகளே பரிமாற, ஆசிரியரும் அதே உணவை வகுப்பிலிருந்து உண்கின்றார். உணவும் ஒரு பாடமாகக் கொள்ளப்படுகின்றது. செல்வந்த நாடுகளுள் பிள்ளைகளின் பருமன் மிகக் குறைந்த நாடுகளுள் ஒன்று அது. நம் நாட்டிலும் பாடசாலை உணவுத் திட்டம் உண்டு. பெரும்பாலும் ஆரம்பப் பிரிவோடு நின்றுவிடுகின்றது. ஆறாந் தரத்துக்கு ஏறிய பிள்ளைக்குப் பசிப்பதில்லையென்று எவர் கண்டனர்?

சட்டம் போட்டால் எல்லாம் நடந்துவிடுமா எனச் சலித்துக்கொள்வோருக்குச் சிலி நாட்டைக் காட்டுகின்றோம். பிள்ளை ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு அரை லீற்றர்ப் பால் என்று 1970இல் வாக்களித்துப் பதவிக்கு வந்த மருத்துவர் அலெண்டேயின் நாடு அது. 2016 ஜூனில் அங்கு நடைமுறைக்கு வந்த சட்டம், சீனியும் உப்பும் கொழுப்பும் மிகுந்த பொதிகளில் கறுப்பு எண்கோண எச்சரிக்கையைப் பொறிக்கச் செய்தது. எச்சரிக்கை பொறித்த எதனையும் பாடசாலையில் விற்றலாகாது. பதினான்கு வயதுக்குட்பட்டோரை நோக்கி விளம்பரம் செய்தலாகாது. பொதியிற் கேலிச்சித்திரப் பாத்திரங்களைக் காட்டி ஈர்த்தலாகாது. கம்பெனிகள் எதிர்த்தன, சட்டம் நின்றது. பிரித்தானியாவில் 2018 ஏப்ரிலில் சீனிக்கேற்ப மென்பான வரி வந்தபோது, வரிக்கு அஞ்சிய உற்பத்தியாளர் பலர் அதற்கு முன்பே தமது பானங்களின் சீனியைக் குறைத்தனர். கோடிப் பேருக்கு உபதேசித்து வாயைக் கட்டுவதிலும் பத்துக் கம்பெனிகளின் கையைக் கட்டுவது எளிது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆசிரியர்களே, மாணவர்களே! அரசு மாறும்வரை காத்திருப்போம் என்று கைகட்டியிருப்பதும் ஒருவகைத் தப்பித்தலே. சட்டத்துக்காகப் போராடும் அதேவேளை நமது கைக்கெட்டியவற்றை நாளைக் காலையே தொடங்கலாம். உடற்கல்விப் பாடவேளையைக் கடன் கேட்டு வருபவர்க்குக் கொடாதிருக்கலாம், நாமும் கேளாதிருக்கலாம். அணிக்குத் தெரிவாகாதோருக்கென மைதானத்தில் அரைமணி நேரத்தை உரிமையாகப் பெற்றுக்கொடுக்கலாம். கிளித்தட்டும் கிட்டிப்புள்ளும் ஆடுவதற்குப் பயிற்றுநரோ பதக்கமோ தேவையில்லை. பெண்பிள்ளைகளுக்கான நேரத்தை எவரும் பறிக்காமற் காக்கலாம். அலுமாரியில் உறங்கும் சுற்றுநிருபத்தை எடுத்துப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் உரத்து வாசிக்கலாம். சிற்றுண்டிச்சாலையின் கேள்விப்பத்திரத்தில், வாடகை எவ்வளவு என்பதற்கு முன்னர் உணவு என்ன என்று கேட்கச் செய்யலாம். குடிநீர்க் குழாயொன்று சுத்தமாக ஓடுகின்றதா எனப் பார்க்கலாம். அது ஓடாத பாடசாலையில் சோடாவைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. பரிசளிப்பு விழாவுக்குக் குளிர்பானக் கம்பெனியின் பணம் வேண்டாமென்று பழைய மாணவர் சங்கத்திடம் சொல்லலாம். பட்டப்பெயர் சொல்லிச் சிரிக்கும் வகுப்பில் சிரியாதிருக்கலாம்.

தொழிலாளி எட்டு மணிநேர வேலைநாளுக்காக இரத்தஞ் சிந்தினான். எட்டு மணிநேரம் வேலை, எட்டு மணிநேரம் ஓய்வு, எட்டு மணிநேரம் உறக்கம் என்பது அவனது முழக்கம். அத்தொழிலாளியின் பேரப்பிள்ளை இன்று பன்னிரண்டு மணிநேரம் வாங்கில் இருக்கின்றது. அதற்கு ஓய்வுமில்லை, உறக்கமுமில்லை, முழக்கமிடத் தொழிற்சங்கமுமில்லை. அப்பிள்ளைக்காக முழக்கமிடுவது நமது கடன். நேரத்தைக் கொடு, நிலத்தைக் கொடு, நல்லுணவைக் கொடு, மானத்தைக் கொடு. இந்நான்கையும் கொடுத்தபின் பிள்ளையின் உடல் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்.